முறுக்கு ஓடும் வழி

மூன்று நான்கு முறை துவைத்த டி-ஷர்ட்டைத் தரையில் விரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டிய பக்கத் தையல், பாதி வழியில் மனம் மாறியதுபோல வயிற்றுப் பக்கம் திரும்பி நிற்கும். தைத்தவரைத் திட்டுவோம்; துணி மட்டம் என்று கடைக்காரரிடமும் குறைப்படுவோம். தைத்தவருக்கு இதில் அநேகமாகப் பங்கே கிடையாது. அந்தக் கோணல், துணி பிறப்பதற்கு முன்பே நூலுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் பெயர் முறுக்கு.

நூற்பாலைக்குள் போனால் அதைப் பார்க்க முடியாது. அங்கே ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று என்று பறக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது வெறும் மங்கல். கையால் நூற்று, நூற்றதை இரண்டு ஊசிகளில் பின்னிப் பார்ப்பவருக்குத்தான் முறுக்கு விரல் நுனியில் பிடிபடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆட்டு ரோமத்தை வாங்கிச் சுத்தம் செய்து, நூற்று, ஸ்வெட்டர் பின்னுவது பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நம் ஊரில் நூற்பு என்றதும் நினைவுக்கு வருவது காந்தி படமும், பள்ளிக்கூடத்தில் தக்களி சுற்றியதாகத் தாத்தா சொன்ன கதையும்தான். பொழுதுபோக்கு, அரசியல் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், கையில் அடங்கும் அந்தச் சிறு கருவிக்குள் ஏகப்பட்ட இயற்பியல் இருக்கிறது.

ஒரு சிட்டிகை பஞ்சிலிருந்து தொடங்கலாம். இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்தால், ஓசையே இல்லாமல் பிரிந்து வந்துவிடும். அதே பஞ்சை இழுத்தபடியே ஒரு முனையை விரல்களுக்கிடையே உருட்டி முறுக்கிவிட்டு இழுங்கள். இப்போது அது வராது. விட்டுப் பிடித்து இழுத்தால் விரல்தான் வலிக்கும். பசை சேர்க்கவில்லை, முடிச்சுப் போடவில்லை; நடந்தது முறுக்கு மட்டுமே.

பருத்தி இழை ஒன்றின் நீளம் பெரும்பாலும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர். விதையின் தோலிலிருந்து முளைக்கும் ஒரே ஒரு செல்தான் அவ்வளவு நீளம் வளர்கிறது. அதன் குறுக்களவைப்போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு நீளம். காய் வெடித்து வெயில் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் நீர் வற்றி, உருண்டைக் குழாயாக இருந்தது தட்டையாகிச் சுருண்டு, முறுக்கிய நாடாபோல ஆகிவிடுகிறது. அந்தச் சுருள்கள்தான் ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்ள உதவும் பிடிமானம். இலவம்பஞ்சில் இது இல்லை. பார்வைக்குப் பட்டுப்போல மினுக்கும், தொட்டால் மெத்தென்றிருக்கும். ஆனால் இழை வழவழப்பான உள்ளீடற்ற குழாய், முறுக்கினால் வழுக்கும் அல்லது ஒடியும். எனவே மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. இலவு காத்த கிளி பழத்துக்காகக் காத்து ஏமாந்தது. நூலுக்காகக் காத்திருந்தாலும் அதே கதிதான்.

ஆட்டு ரோமத்துக்கு வேறு வகைப் பிடிமானம். ஒவ்வோர் இழையின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கும். இழையும் நேராக இல்லாமல் நெளிநெளியாக வளரும். நீளமும் பருத்தியைவிட இரண்டு மூன்று மடங்கு. கற்றுக்கொள்பவருக்குக் கம்பளி சுலபம், பருத்தி கடினம் என்று நூற்பவர்கள் எல்லோரும் சொல்வதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் சமவெளி ஆடுகள் பெரும்பாலும் இறைச்சிக்கும் தோலுக்குமானவை. மேச்சேரி ஆட்டின் முடியில் ஸ்வெட்டர் எதிர்பார்க்க முடியாது. உடுத்தும் அளவுக்கு மென்மையான ரோமம் என்றால் நீலகிரி ஆட்டினம், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்க்கும் பாரத் மெரினோ என்று மலைக்கே போக வேண்டும்.

சரி, மூன்று சென்டிமீட்டர் இழைகளைக் கொண்டு மூன்று கிலோமீட்டர் நூல் எப்படி அறுபடாமல் நிற்கிறது? இந்தக் கேள்வி கலீலியோவையே உறுத்தியிருக்கிறது. 1638-ல் வெளியான தன் கடைசிப் புத்தகத்தில், இரண்டு மூன்று முழ நார்களால் திரித்த நூறு முழக் கயிறு எப்படி அவ்வளவு சுமை தாங்குகிறது என்று பாத்திரங்களை விவாதிக்க வைக்கிறார். முறுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன என்பது அவர் கண்ட விடை. திசை சரி. ஆனால் கணக்காக நிறுவியது 380 ஆண்டுகள் கழித்துத்தான். 2018-ல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் ஆகிய மூன்று இயற்பியலாளர்கள், 'உடைகள் ஏன் உதிர்ந்து விழுவதில்லை' என்ற பொருளில் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். நூலில் இழைகளுக்கிடையேயான உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் இழுவிசை இழைக்கு இழை கைமாறி நூல் முழுவதும் பரவ வழி திறந்துவிடுகிறது. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பஞ்சு, அந்தப் பக்கம் நூல். நடுவில் எதுவும் கிடையாது.

உள்ளே நடப்பது இதுதான். முறுக்கிய நூலில் வெளிப்புற இழைகள் சுருள் படிக்கட்டுபோல வளைந்து ஓடுகின்றன. நூலை இழுத்தால் அவை நேராக முயலும். முடியாததால் உள்ளே இருக்கும் இழைகளை அமுக்கும். அமுக்கம் கூடினால் உராய்வு கூடும். ஆக, பிரிப்பதற்காக நாம் கொடுக்கும் இழுப்பே பிரியவிடாத பிடியாக மாறுகிறது. இரண்டு தடித்த புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகிவிட்டு, இரு முதுகுகளையும் பிடித்து இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிடி எவ்வளவு பொல்லாதது என்று தெரியும்.

அதற்காக முறுக்கிக்கொண்டே போனாலும் ஆகாது. ஓரளவுக்கு மேல் இழைகள் குறுக்குவாட்டில் சாய்ந்துவிடும். நூலின் நீளவாக்கில் சுமை தாங்க ஆள் குறையும். நூல் விறைத்து, கடைசியில் பட்டென்று அறும். பனியன் நூலுக்குக் குறைவான முறுக்கும், தறியில் அடி வாங்கும் பாவு நூலுக்குக் கூடுதல் முறுக்கும் கொடுப்பது இதை அறிந்த கணக்கு. முப்பதாம் நம்பர் பனியன் நூலில் அங்குலத்துக்குச் சுமார் இருபது முறுக்கு. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 800 சுற்று. அதையெல்லாம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தால் ஒரு கோவணம்கூடத் தேறாது. அதற்காக வந்ததுதான் தக்களி.

ஒரு குச்சி, அதில் ஒரு வட்டு. அவ்வளவுதான். வட்டின் எடை குச்சியிலிருந்து தள்ளி விளிம்பில் இருப்பதால், ஒருமுறை சுண்டிவிட்டால் நெடுநேரம் சுற்றும். குச்சியை மட்டும் சுழற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். கீழடியிலும் கொடுமணலிலும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சுடுமண் தக்களி வட்டுகள் இந்த வேலையைச் செய்தவைதான். பருத்தி நூற்ற பெண்களைப் புறநானூறு அறியும். நன்னூலோ ஒரு படி மேலே போய், நூல் எழுதுவதையே நூல் நூற்பதாக உருவகம் செய்கிறது. அங்கே சொல் பஞ்சாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அறிவு நூல் முறுக்கும் குச்சியான கதிராகவும் வருகின்றன. புத்தகத்துக்கும் பருத்திக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழியில் இது வியப்பில்லை.

கம்பளி நூற்பவர்கள் தக்களியை நூலிலேயே தொங்கவிட்டுச் சுழற்றுவார்கள். நீளமான இழை, பாரம் தாங்கும். பருத்தியில் அந்த வித்தை காட்டினால் நூல் அறுந்து தக்களி காலில் விழும். அதனால் பருத்தித் தக்களி மெலிதாக, எடை குறைவாக இருக்கும். அதன் முனையைச் சிறு கிண்ணத்திலோ கொட்டாங்கச்சியிலோ ஊன்றிச் சுழற்றுவது வழக்கம். டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்கள் ஊசிபோன்ற கதிரைச் சிப்பி ஓட்டுத் துண்டில் ஊன்றி, பனி விலகாத அதிகாலையில் நூற்றார்கள். ஈரக்காற்றில் பருத்தி இழை வலுக்கூடும். உச்சிவெயிலில் அந்த நூல் நிற்காது.

தக்களி பழகுபவர் முதல் நாள் நூற்பதை நூல் என்று சொல்ல மனம் துணியாது. ஓரிடத்தில் வைக்கோல் பிரி, அடுத்த அங்குலத்தில் தலைமுடி, அதற்கடுத்து அறுந்த முனை. இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை ஒன்றே. பயத்தில் இரண்டு கைகளையும் நெருக்கமாக வைத்து, பஞ்சுத் திரியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இழையின் நீளத்தைவிடக் கைகளுக்கிடையேயான தூரம் குறைந்தால், ஒரே இழையின் இரு நுனிகளையும் இரு கைகளும் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் திரி நகராது. பருத்திக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், கம்பளிக்கு நான்கு அங்குலம் என்று கைகளை விலக்கி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலத் தளர்வாகப் பிடித்தால் திரி தானாக நீள ஆரம்பிக்கும்.

அடுத்து வருவதுதான் நூற்பின் உயிர்நாடி. மேடும் பள்ளமுமாக இருக்கும் திரிக்குள் முறுக்கு நுழையும்போது அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. மெலிந்த இடத்துக்கு ஓடும். தடித்த இடத்தை விட்டுவிடும். ஒரு கெட்டிக் கம்பியின் தடிமனைப் பாதியாக்கினால் அதை முறுக்குவது பதினாறு மடங்கு சுலபமாகிறது. நூல் கெட்டிக் கம்பி இல்லை என்பதால் கணக்கு இவ்வளவு கடுமையாக வராது. போக்கு மட்டும் அதுவே. மெலிந்த இடத்தில் முறுக்கு ஏறி இழைகள் பூட்டிக்கொள்கின்றன. தடித்த இடத்தில் முறுக்கு குறைவு, இழைகள் இன்னும் வழுக்கும். இந்த நேரம் பார்த்து மெல்ல இழுத்தால், பூட்டிய இடம் அசையாது. வழுக்கும் இடம் மட்டும் நீண்டு மெலியும். மெலிந்ததும் அங்கேயும் முறுக்கு வந்து பூட்டிவிடும். நூற்பவர் செய்வது, சரியான தருணத்தில் இழுத்து, சரியான தருணத்தில் விடுவது மட்டுமே. நூல் தன்னைத்தானே சமன்படுத்திக்கொள்கிறது.

ராட்டையில் தேர்ந்தவர் கையைப் பின்னால் நீட்டி ஒரே வீச்சில் முழக்கணக்கில் நூல் இழுப்பதைப் பார்த்தால் மந்திரம்போல இருக்கும். மந்திரம் இதுதான். 1779-ல் சாமுவேல் கிராம்ப்டன் செய்த 'மியூல்' எந்திரம், வண்டிபோல முன்னும் பின்னும் நகர்ந்து அந்தக் கைவீச்சைத்தான் நகல் எடுத்தது. விரலை நம்பாமல் உருளைகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது மற்றொரு மரபு. தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டை, ஆலை எந்திரத்தின் உருளைகளையே சுருக்கிக் கையால் சுற்றும் பெட்டிக்குள் கொண்டுவந்தது. பெயரில் உள்ள 'அம்பர்' அவர் பெயரிலிருந்து வந்தது.

எவ்வளவு நூற்றால் எவ்வளவு? நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் என்ற கணக்கு. ஒரு சிட்டம் 840 கெஜம். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு கிராம் எடுத்தால் 68 மீட்டர் ஓடும். 1924-ல் காங்கிரஸ் உறுப்பினர்கள் மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இருபதாம் நம்பரில் அது ஐம்பத்து நான்கு கிராம்தான். கேட்டால் அற்பமாகத் தெரியும். தக்களியோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் அற்பம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழகக் கிளை இயங்கிய ஊர் திருப்பூர். பனியனுக்குப் பேர்போன ஊர், அதற்கு முன்பே கதருக்குப் பேர்பெற்றது.

நூற்ற நூலைத் தளர விட்டால் அடுத்த பாடம். நடுவில் தொய்ந்ததும் அது பாம்புபோலச் சுருண்டு, தன்மேல் தானே பின்னிக்கொள்ளும். உள்ளே அடைபட்ட முறுக்கு வெளியேற வழி தேடுகிறது. நூலின் இரு முனைகளும் பிடிபட்டிருக்கும்வரை மொத்தச் சுற்றுக்கணக்கு மாறாது. இழை முறுக்காக இருந்தது, நூலே சுருளும் சுருளாக உருமாறும். ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும். நம் செல்லுக்குள் டி.என்.ஏ. தன்னைச் சுருட்டி மடித்துக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

இந்த முரட்டுத்தனத்தை அடக்க நூற்பவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரே திசையில் முறுக்கிய இரண்டு நூல்களைச் சேர்த்து, எதிர்த் திசையில் முறுக்குவது. ஒன்று அவிழப் பார்க்கும்போது மற்றது தடுக்கும். பிரான்சில் அப்ரி டு மாராஸ் குகையிடத்தில் கிடைத்து 2020-ல் அறிவிக்கப்பட்ட ஒரு சிறு கயிற்றுத் துண்டு, ஆறு மில்லிமீட்டர் நீளம், நாற்பதாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. மரப்பட்டை நாரை ஒரு திசையில் முறுக்கி, அப்படி மூன்று புரிகளை எதிர்த் திசையில் சேர்த்திருக்கிறார்கள். திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். இரட்டித்த நூலைச் சிட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டால் அமைதியாகத் திறந்த வளையமாக நிற்க வேண்டும். தானே திருகிக்கொண்டால் எந்தப் பக்கமோ முறுக்கு மிச்சமிருக்கிறது. வெந்நீரில் நனைத்துக் காயப்போட்டால் கம்பளி நூல் இன்னும் அடங்கும்: ஈரத்தில் ரோமத்தின் புரதத் தொடர்களுக்கிடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபட்டு, காயும்போது புதிய நிலையில் மறுபடி பிணைகின்றன.

பின்னல் ஊசியை எடுக்க இப்போது நேரம். நெசவில் பாவும் ஊடையும் இரண்டு கூட்டம். பின்னலில் ஒரே நூல்தான். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து, அதற்குள் இன்னொன்றை இழுத்து, வரிசை வரிசையாகக் கோத்துக்கொண்டே போவது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஸ்வெட்டர் முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். தக்களியோடு ஒப்பிட்டால் பின்னல் நேற்றுப் பிறந்த குழந்தை. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய பின்னல் உருப்படிகள் எகிப்தின் பருத்திக் காலுறைகள், நீலமும் வெள்ளையும் கலந்தவை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமை. அங்கேயே கிடைத்த இன்னும் பழைய சிவப்புக் காலுறைகள் பின்னல் போலத் தெரிந்தாலும், அவை ஒற்றை ஊசியால் வேறு முறையில் முடையப்பட்டவை. பின்னலுக்கு எந்திரம் 1589-ல், இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் கையால் வந்தது. இன்றைய பனியன் எந்திரத்தின் கொக்கி ஊசிகள் அந்த வழியில் வந்தவை.

பருத்தி நூலை இழுத்தால் பெரிதாக நீளாது. அதே நூலில் பின்னிய பனியன் தலை வழியாக நுழைந்து உடம்போடு ஒட்டி நிற்கிறது. நீள்வது நூலல்ல, கண்ணியின் வடிவம். நெளிந்து கிடக்கும் வளைவு, இழுக்கும் பக்கம் நேராகி, மறுபக்கம் குறுகுகிறது. கண்ணியை முன்பக்கமாக இழுப்பது நிட், பின்பக்கமாக இழுப்பது பர்ல். இவ்விரண்டையும் எந்த வரிசையில் மாற்றிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரே நூல் விறைப்பாகவோ ரப்பர்போலவோ ஆகிறது. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு 2024-ல் இதை அளந்து, கண்ணிகளின் அடுக்கை மாற்றியே துணியின் நெகிழ்வைத் திட்டமிட முடியும் என்று காட்டியது. பாட்டிமார் ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டையை நிட்டும் பர்லும் மாற்றிப் போட்டுப் பின்னியது அந்தத் திட்டம்தான்.

பழைய பனியனைத் துடைக்கும் துணிக்காக வெட்டியவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். வெட்டிய ஓரம் உடனே பாய்போலச் சுருண்டுவிடும். பனியன் துணியின் ஒரு முகம் முழுக்க நிட், மறுமுகம் முழுக்க பர்ல். வளைத்து வைத்த ஒவ்வொரு கண்ணியும் நிமிர முயல்கிறது. எல்லாம் ஒரே பக்கம் தள்ளுவதால் ஓரம் சுருள்கிறது. இரண்டும் மாறி மாறி வந்தால் ஒன்றின் தள்ளலை மற்றது ஈடுகட்டிவிடும், துணி தட்டையாகக் கிடக்கும்.

கையால் நூற்ற ஒற்றை நூலை இரட்டிக்காமல் அப்படியே பின்னினால், சதுரமாக வர வேண்டிய துண்டு சாய்சதுரமாக வரும். அவிழத் துடிக்கும் முறுக்கு ஒவ்வொரு கண்ணியையும் ஒரே பக்கம் சற்றே சாய்க்கிறது; நூறு வரிசைக்குப் பிறகு அந்தச் 'சற்றே' கண்ணுக்குத் தெரிகிறது. டி-ஷர்ட்டின் கதையும் இதுதான். ஒற்றை நூலில் பின்னி, ஆவி கொடுத்து அழுத்தி நேராக்கி அனுப்புகிறார்கள். வீட்டில் தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து தன் பழைய கோபத்தைக் காட்டுகிறது, தையல் நகர்கிறது. வட்டமாகச் சுற்றும் எந்திரத்தில் ஒரே சுற்றில் பல நூல்கள் ஏறுவதும் கொஞ்சம் சாய்வைச் சேர்க்கும். இரட்டை நூலில் பின்னினாலோ, எதிரெதிர் முறுக்குள்ள நூல்களை மாற்றி மாற்றிக் கொடுத்தாலோ கோணல் வெகுவாகக் குறையும். செலவு கூடும், அவ்வளவுதான். மலிவு டி-ஷர்ட்டின் வயிற்றுத் தையல், அந்தச் செலவை மிச்சம் பிடித்ததன் அடையாளம்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் தக்களியைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூங்கில் குச்சியில் கோட்டுப் பொத்தான் ஒன்றை இறுக்கமாகச் செருகினால் பருத்திக்குப் போதும். கம்பளிக்குப் பழைய சி.டி. அருமையான வட்டு. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். அதில் இழையின் மேலிருக்கும் இயற்கை மெழுகை நீக்கியிருப்பார்கள், இழையும் குட்டை. செடியிலிருந்து பறித்த பருத்தி கிடைத்தால் விதையை விரலால் பிரித்தெடுத்துவிட்டு அப்படியே நூற்கலாம். முதல் இரண்டு மீட்டரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாமல் ஓர் அட்டையில் சுற்றி வையுங்கள். கை பழகிய பிறகு, வேண்டுமென்றே முயன்றாலும் அப்படிப்பட்ட மேடுபள்ள நூல் லேசில் வராது.